ஆறு மில்லிமீட்டர்

சோஹார் மருத்துவமனை, இரண்டாம் தளம்,
ஜன்னல் வைக்க மறந்த அறை.
ஒரே கிருமிக்கு நான்கு பெயர்கள்
என் திரையில் வரிசையில் நிற்கின்றன.
ஒன்று ஆய்வகம் வைத்தது.
ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவு.
ஒன்று பழைய மென்பொருள் விட்டுப்போனது.
ஒன்று யாரோ இரவுப் பணியில்
எழுத்துப் பிழையோடு தட்டியது.
நான்கையும் ஓர் எண்ணுக்குள் கொண்டுவர
வியாழன் வரை அவகாசம்.

காலையில் லிஜி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.
மருந்து தோய்த்த காகித வில்லைகள்.
ஒவ்வொன்றையும் சுற்றி
தெளிந்த வட்டம் விழ வேண்டும்.
விழவில்லை.
வில்லையின் விளிம்புவரை நெருங்கி
மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது.
"ஆறு" என்று எழுதினாள்.
வில்லையின் அகலமே ஆறு மில்லிமீட்டர்.
ஆய்வகத்தில் பூஜ்யத்துக்குப் பெயர் ஆறு.

என் தலைவலி வேறு.
எதிர்ப்பது கிருமியின் இனமா, குணமா?
இனம் என்றால்
கிளெப்சியெல்லாவுக்குக் கீழே ஒரு கிளை,
கிளைக்கு ஓர் எண், வேலை முடிந்தது.
குணம் என்றால்,
போன வாரம் இல்லாத குணம் இது.
பக்கத்தில் கிடந்த இன்னொன்று
ஒரு மரபணு வளையத்தைக் கைமாற்றியதில் வந்தது.
அப்பன் வழிச் சொத்தில்லை,
அறைத்தோழன் கொடுத்த கடன்.
நாளை உதிர்த்துவிட்டால்
எந்தக் கிளையில் கொண்டுபோய் உட்காரவைப்பேன்?

டாக்டர் ஷம்சா இனம் என்கிறார்.
தொலைபேசியில் மஸ்கட் குணம் என்கிறது.
நான் உதட்டுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்:
எதிர்த்த கிருமி.
எதிர்க்கிற கிருமி.
எதிர்க்கும் கிருமி.
பெயரெச்சத்துக்குக் காலம் உண்டு.
இந்தக் கட்டத்துக்கு
என்றைக்குமாக ஒரே காலம்.

ஏழாம் அறையிலிருந்து மரிவிக் கூப்பிட்டாள்,
மொழிபெயர்க்க.
மஞ்சள் அங்கி, கையுறை, முகமூடி.
மாசிலாமணிக்கு என் கண்ணும் தமிழும் மட்டும் தெரிந்தன.
சாரத்திலிருந்து விழுந்தவர்,
காலில் கம்பி வைத்து ஐந்து வாரம்.
அட்டையில் தொழில்: தோட்டக்காரர்.
பதினாறு வருஷத்தில் ஒரு செடி நட்டதில்லையாம்.

"மருந்துக்கு எதிர்ப்பு இருக்குண்ணே" என்றேன்.
"எதிர்ப்பு சக்தியா? இருந்தா நல்லதுதானம்மா."
முகம் மலர்ந்துவிட்டது.
அதைத் திருத்த எனக்கு மூன்று வாக்கியம் ஆயிற்று.
எதிர்ப்பு அதனுடையது, உங்களுடையதில்லை.
வழக்கமான மருந்து எதுவும் கேட்காது.
மிச்சம் ஒன்று இருக்கிறது,
உங்கள் சிறுநீரகம் பொறுத்துக்கொண்டால்.

போர்வையை முட்டிவரை இழுத்துக்கொண்டார்.
"எங்க ரூம்ல இன்னும் பதினோரு பேரு.
அவங்களுக்கும் இருக்குமா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"அர்பாபுக்குச் சொல்லிட்டாங்களா?"
அதற்கும் இல்லை.
கையுறையைக் கழற்றி
சிவப்புத் தொட்டியில் போட்டேன்,
சோப்பில் முழங்கைவரை கழுவினேன்.

திரும்பி வந்து எண்ணைத் திறந்தேன்.
இந்த அமைப்பில் ஒரு கருத்துக்கு
இரண்டு பெற்றோர் வைக்கலாம்.
இனத்தின் கீழ் ஒரு கோடு,
குணத்தின் கீழ் ஒரு கோடு.
முனகாமல் ஏற்றுக்கொண்டது.
நான்கு நாள் சண்டை
இரண்டு சொடுக்கில்.
ஆளுக்கு ஒரே அர்பாப் என்கிற ஊரில்
இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கவேண்டும் போலிருந்தது.
லிஜி போய்விட்டிருந்தாள்.

மற்ற பெயர்களை அழிக்க முடியாது.
'செயலற்றது' என்று குறிக்கலாம், அவ்வளவுதான்.
எங்கோ ஒரு கோப்பில்
இன்னும் யாராவது அந்தப் பெயரில் படுத்திருப்பார்கள்.
ஒன்றைக் குறித்தேன். அடுத்ததையும் குறித்தேன்.

பிழையோடு இருப்பதை மட்டும்
இன்னும் தொடவில்லை.
இன்று புதன்.
ஏழாம் அறையின் முதல் முடிவு
அதில்தான் பதிந்திருக்கிறது,
பெயரில் ஓர் எழுத்து குறைய,
தேதி சரியாக,
ஆறு.